வைரியும் கிழக்குத் தெருக் குழாயும்

மைக்செட் போடுவது என் தொழில். எங்கள் பக்கம் அதை ரேடியோ செட் என்பார்கள், என்னை ரேடியோக்காரர் என்பார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு சின்னக் கடை, ஒரு லோடு வண்டி, எட்டுக் குழாய் ஸ்பீக்கர், நாலு பாக்ஸ், இரண்டு ஆம்ப்ளிஃபயர், என் மனைவியின் தம்பி ஒருவன். இவ்வளவுதான் என் தளவாடம். மச்சினனைத் தளவாடத்தில் சேர்த்தது தெரிந்தால் அவன் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டான். தெரியாமலே இருக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் எனக்கு ஊர் ஊராகப் பெயர் உண்டு. ஒன்று முன்கோபம். இன்னொன்று காது. எந்தக் குழாயில் எந்த வயர் லூசாக இருக்கிறது என்று பாட்டைக் கேட்டே சொல்லிவிடுவேன். எதிர்த் தெருவில் ஓடும் கிரைண்டரில் கல் தேய்ந்திருப்பதைச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்ட காதை ஒரு பறவை ஏமாற்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மூன்று வருசத்துக்கு முன்னால், மாசி மாதம், வீரசோழன் பக்கம் ஒரு ஊரில் காதுகுத்து. காலை எட்டு மணிக்கே போய்க் குழாய்களைக் கட்டிவிட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மெல்லிசாக ஒரு விசில். ‘பித்’ என்று வெட்டி, ‘வீ...’ என்று இழுத்தது. மைக்குக்கு நேராகக் குழாய் இருந்தால் இப்படித்தான் கூவும். சத்தத்தைக் குறைத்தேன், நிற்கவில்லை. ட்ரெபிளைத் திருகினேன், நிற்கவில்லை. குழாயை மைக்கைப் பார்க்கக் கட்டிவிட்டாயே, உனக்கு எத்தனை தரம் சொல்வது என்று மச்சினன் மேல் பாய்ந்தேன். அவன் பாவம், ஏறிப் போய்த் திருப்பிக் கட்டினான். அப்போதும் கூவியது. ஆத்திரத்தில் மெயின் சுவிட்சையே அணைத்தேன்.

‘பித்-வீ.’

மச்சினன் ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தான். “மச்சான், மெயினை அணைச்சாச்சு. இனி வானத்தைத்தான் அணைக்கணும்.”

அவன் காட்டிய பக்கம் பார்த்தேன். கரண்டுக் கம்பத்தின் உச்சியில் காக்கையைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பழுப்புப் பறவை. தொண்டை வெள்ளை. அந்த வெள்ளையில் மூன்று கறுப்புக் கோடுகள், யாரோ கரிக்கட்டியால் இழுத்துவிட்ட மாதிரி. வாயைத் திறந்து, என் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை அப்படியே போட்டது. பிறகு குனிந்து என்னைப் பார்த்தது. முழி வெள்ளை. நிலம் அளக்க வந்த சர்வேயர் பார்க்கிற பார்வை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

“அது பெராந்து. தண்ணிக்கு அழுகுது” என்றார் காதுகுத்து வீட்டுக்காரர். வளைந்த மூக்கு இருந்தால் எங்கள் பக்கம் எல்லாமே பெராந்துதான். அதன் சொந்தப் பெயர் எனக்குத் தெரிய ஒரு வருசம் ஆனது. காரியாபட்டி டீக்கடையில், கேமராவும் கையுமாக நின்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் என் செல்போனில் இருந்த மங்கலான படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே, “வெள்ளைக்கண் வைரி” என்றார். அந்தப் பெயரை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன். புதிதாக ஒருவரோடு பழக்கமானால் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் இருந்தால் எப்படி?

அதற்கப்புறம் ரோட்டில் கண்ணில் பட்டதெல்லாம் வைரிதான். திருச்சுழியில் இருந்து பரளச்சி போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல் காடு. அறுப்பு முடிந்துவிட்டால் நிழலுக்கு ஒதுங்க இடம் இருக்காது. கம்பம், வேலிக்கல், ஒற்றை வேலமரம் என்று எங்கே உட்கார இடம் கிடைக்கிறதோ அங்கே வைரி இருக்கும். மணிக்கணக்கில் அசையாது. அப்புறம் பொத்தென்று தரையில் இறங்கும். இறங்கிய பிறகு அது நடக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! புதுச் செருப்புக் கடித்த மாப்பிள்ளை மாதிரி நாலு எட்டு வைக்கும், ஒரு வெட்டுக்கிளியை அமுக்கும், மறுபடி கம்பத்துக்குப் போகும். ஓணானும் எலியும் கிடைத்தால் அன்றைக்கு விருந்து.

நான் வண்டியை நிறுத்திவிடுவேன். எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பேன். மச்சினன் சீட்டில் சாய்ந்து தூங்குவான். இது வீட்டுக்குத் தெரிந்த அன்று என் மனைவி, “கட்டி வந்து பதினாறு வருசமாச்சு. என்னையப் பாக்க ஒரு நாளாவது வண்டிய ஓரங்கட்டியிருக்கீகளா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பார்ப்பதைவிடக் கேட்பதுதான் எனக்கு வரும். அந்தக் குரலில் கீழ்ச் சத்தமே கிடையாது, முழுக்க மேல்தான். முதல் அடி குட்டை, இரண்டாவது அடி நீளம். அந்த நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். காக்கை பக்கத்தில் வந்தால் இழுப்பே இல்லாமல் வெட்டி வெட்டிக் கத்தும். ஓணானோடு வந்தால் ஒரே ஒரு தரம், அதுவும் அடங்கின குரலில். செல்போனில் பத்துப் பன்னிரண்டு குரல்களைப் பிடித்து வைத்திருந்தேன். மச்சினனுக்குப் போட்டுக் காட்டி, இது கோபம், இது சோறு வந்தாச்சு, இது நான் இங்கேதான் இருக்கேன் என்று விளக்குவேன். “மச்சான், எங்கக்கா பேசுறதே ஒங்களுக்கு வெளங்க மாட்டேங்குது” என்பான்.

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. முதல் வருசம் முழுக்க நான் அந்தக் குரலைத் தப்பாகத்தான் கேட்டிருந்தேன். காதுகுத்து வீட்டுக்காரர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. தண்ணிக்கு அழுகிறது, அல்லது ஜோடி செத்துப்போய் அழுகிறது, ஏதோ துக்கம் என்றே வைத்துக்கொண்டேன். அந்த இழுப்பைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வெயிலில் கேட்கும்போது நெஞ்சை என்னவோ செய்யும்.

அப்புறம் ஒரு தை மாதக் கடைசி. பரளச்சியைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் வண்டி பஞ்சர். மச்சினன் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் இரண்டு வைரிகள் வட்டமடித்து மேலே போய்க்கொண்டிருந்தன, விடாமல் கத்திக்கொண்டே. ‘பித்-வீ, பித்-வீ.’ ஒன்று இறக்கையை மடக்கிக்கொண்டு சர்ரென்று விழும், விழுந்த வேகத்திலேயே மேலேறும், மற்றது அதைச் சுற்றி வரும். இரை தேடவில்லை, சண்டை போடவில்லை. கீழே கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, இதுகளோ வானத்துக்குப் போகின்றன. தண்ணிக்கு அழுகிற பறவை வானத்துக்கா போகும்?

கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டேன். அது அழுகை இல்லை. கும்மாளம். கல்யாண வீட்டில் பொம்பளையாட்கள் குலவை போடுவதை மூன்றாவது ஊரில் இருந்து கேட்டு, அங்கே ஒப்பாரி நடக்கிறது என்று ஒரு வருசமாகத் துக்கப்பட்டிருக்கிறேன். சந்தோசத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். டயரைப் பிடிக்காமல் சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று மச்சினன் கத்தினான். அன்றைக்கு அவன் கோபம்கூட எனக்கு இனித்தது.

இதை ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொன்னேன். டீக்கடையில், பெட்ரோல் பங்கில், பந்தல் போடுகிறவரிடம். வைரி பாஷை எனக்கு முழுக்கத் தெரியும் என்கிற அளவுக்குத் தலை கனத்துவிட்டது. அந்தக் கனம்தான் இந்த வருசம் பங்குனியில் என்னைக் குப்புறத் தள்ளியது.

பரளச்சிக்குக் கிழக்கே ஒரு ஊர். நாலு தெரு, நடுவில் அம்மன் கோயில். பங்குனிப் பொங்கலுக்குப் பத்து வருசமாக நான்தான் செட். எட்டு நாள் திருவிழா. அந்த ஊரில் குழாய் கட்டுவது பாட்டுக் கேட்பதற்காக மட்டுமில்லை. நாலு தெருவுக்கும் ஒரு தெருவுக்கு ஒரு குழாய், தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். உயரமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு வருசம் காற்றில் மேலத்தெருக் குழாய் திரும்பித் தெற்கைப் பார்த்துவிட்டது. எங்களுக்கு வந்த சாமி பாட்டை அவுக எப்படிக் கேட்கலாம் என்று மத்தியானம் வரைக்கும் பஞ்சாயத்து. அதிலிருந்து குழாயை இரண்டு கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவேன்.

கிழக்குத் தெருக் குழாய் தெருக்கோடியில் இருக்கும் வேப்பமரத்தில்தான் எப்போதும். மரத்துக்கு அந்தப் பக்கம் காடும் ஒரு கண்மாயும்தான். மரத்தை ஒட்டிய வீட்டில் ஒரு அக்கா. ஆறு ஆடும் ஒரு நாக்கும் வளர்க்கிறார். நாக்குக்குத்தான் தீனி அதிகம்.

இந்த வருசம் காப்புக் கட்டுகிற அன்று காலையில், குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறப் போனவன், முதல் கிளையில் கை வைத்ததும் மேலே பார்த்தேன். உச்சிக் கவட்டில் முள்ளும் சுள்ளியுமாக ஒரு கூடு. கூட்டு விளிம்புக்கு வெளியே பழுப்பாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டேன். பெண் வைரி, முட்டையில் உட்கார்ந்திருக்கிறாள்! மூன்று வருசத்தில் கூட்டை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அது ரெண்டு வாரமா அங்கனதான் கெடக்கு. ஆம்பளைப் பெராந்து தீனி கொண்டாந்து குடுக்கும். இது எறங்குறதே இல்ல” என்றார்.

நான் ரொம்பப் பொறுப்பாக நடந்துகொண்டேன், அதுவரைக்கும். மரத்தில் ஏறவில்லை. இருபது எட்டுத் தள்ளி ஒரு சவுக்குக் கம்பு நட்டு அதில் குழாயைக் கட்டினோம். வைரி அசையவில்லை. வெள்ளைக் கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான். நாலு குழாயும் கட்டி முடித்து, கோயிலில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தேன். பத்தரை மணி இருக்கும். டெஸ்ட்டுக்கு ஏதாவது போட வேண்டும். வழக்கமாகச் சாமி பாட்டுப் போடுவேன். அன்றைக்கு என் புத்தி எங்கே போனது என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. கூட்டில் இருப்பவளுக்கு அவள் பாஷையிலேயே ஒரு வணக்கம் வைக்கலாம் என்று தோன்றியது. செல்போன் வயரைச் சொருகி, அந்தத் தை மாதக் கும்மாளக் குரலை எடுத்து, நாலு குழாயிலும் விட்டேன்.

ஊரே அதிர்ந்தது. ‘பித்’ என்றது வெடி, ‘வீ’ என்றது மில் சங்கு. ஆடுகள் மிரண்டன. இரண்டாவது தரம் கூவுவதற்குள் மச்சினன் தெருவில் இருந்து கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். “அணைங்க மச்சான், அணைங்க!”

அணைத்துவிட்டு நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது ஆண் வைரி கிழக்குத் தெருக் குழாயை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. குழாய் சும்மா ஆன பிறகும் இரண்டு தரம் வந்து மோதியது. கூட்டில் வால் இல்லை. பெண் மேலே சுற்றிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. அப்புறம் இரண்டும் கண்மாயைத் தாண்டி அக்கரைக்குப் போய், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குரலை நான் வணக்கம் என்று போட்டேன். அதுகளுக்கு அது வேறொரு வைரி. ஊர் அகலத்துக்கு வாய் உள்ள ஒரு பூத வைரி வந்து, இந்த மரம் என்னுது, இந்த வானமும் என்னுது என்று சொல்லியிருக்கிறது. எந்த வைரிதான் உட்கார்ந்திருக்கும்? கூட்டில் முட்டைகள் தனியாகக் கிடந்தன. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயை அவிழ்த்துக் கீழே வைத்தேன்.

குழாய் தரையில் பட்ட சத்தம் கேட்டுத்தான் கிழக்குத் தெரு வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அக்கா.

“எல்லாத் தெருக் குழாயும் மேல நிக்கிது. எங்க குழாய் மட்டும் எதுக்குக் கீழ கெடக்கு? எங்களுக்குக் காதில்லையா?”

எனக்கு முன்கோபம் என்று சொன்னேன் இல்லையா? வாயில் வந்ததைக் கத்தப் போனேன். ஆனால் அவர் பின்னால் வெறுங்கூடு தெரிந்தது. கோபம் அப்படியே வடிந்துவிட்டது. “தப்பு என்னதுக்கா” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை முட்டியது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“திரும்பி வருமா?”

“தெரியலக்கா.”

“பெராந்து பாஷை தெரியும்னு பெருமையாச் சொன்ன?”

“தெரியும்னு நெனச்சேன்.”

அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டுக் கம்பை எடுத்து வந்து, மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். “காக்காய நான் பாத்துக்கிறேன். நீ ஒன் வாயையும் ஒன் குழாயையும் மூடு.”

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. கிழக்குத் தெருக் குழாய் இறங்கிய செய்தி மேலத்தெருவுக்குப் போய், அங்கே யாரோ நக்கலாக எதையோ சொல்லி, அந்த நக்கல் திரும்பி வந்துவிட்டது. அக்கா கல்லை விட்டு எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொன்னார். “எங்க குழாய் எறங்குனா எல்லாக் குழாயும் எறங்கணும். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு கெடையாது.”

கமிட்டித் தலைவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்கும் கேட்கப் பேசுவார். “ஒரு பெராந்துக்காகத் திருவிழாவ ஊமையா நடத்தச் சொல்றீகளா?” என்று கேட்டார். அந்தச் சத்தத்துக்கே அக்கா உதட்டில் விரலை வைத்து உஸ் என்றார். தலைவர், ஆச்சரியம், குரலைத் தாழ்த்திவிட்டார். சாயந்திரம் ஆறு மணிக்குக் காப்பு. அதுவரைக்கும் செட் வேண்டாம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனார்.

நானும் மச்சினனும் சோளத்தட்டை அடுக்கி வைத்த படப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மத்தியானம் எலுமிச்சைச் சோறு வந்தது, எனக்கு இறங்கவில்லை. என் தொழிலில் சத்தம் இல்லாத நேரம் என்றால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க அந்தச் சத்தமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேப்ப இலை உரசுவது கேட்டது. அக்கா கம்பை வீசிக் காக்கையை விரட்டுவது கேட்டது, அதுவும் வாயைத் திறக்காமல். அந்த அக்கா ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்ததைத் தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மச்சினன்கூட என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு மேல் ஆண் வந்தது. தூரத்துக் கம்பத்தில் உட்கார்ந்து, குழாய் கிடந்த இடத்தையே பார்த்தது. குழாயின் மேல் நான் சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெண், கரையை ஒட்டித் தாழப் பறந்து, சத்தமில்லாமல் வெளிக் கிளையில் வந்து இறங்கினாள். கூட்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா கம்பைக் கூட அசைக்கவில்லை. பெண் அடுத்த கிளைக்குத் தாவினாள். அப்புறம் கவட்டுக்கு. உள்ளே ஏறி, இறக்கையை ஒரு தரம் உதறி, உட்கார்ந்தாள். வால் மறுபடியும் வெளியே நீட்டியது.

கம்பத்தில் இருந்த ஆண் ஒரே ஒரு தரம் கூவியது. ‘பித்-வீ.’

மச்சினன் என் விலாவில் இடித்தான். “என்ன சொல்லுது மச்சான்?”

“தெரியலடா மாப்ளே” என்றேன். என் காதுக்கு அதைவிட நல்ல சத்தம் அதுவரை வந்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவனும் சிரித்தான். இரண்டு பேரும் படப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினோம்.

ஆனால் அக்கா எங்களிடம் வந்து கேட்ட கேள்வியில் சிரிப்பு நின்றது. “அஞ்சு மணி நேரம் வெயில்ல கெடந்த முட்டை. உசுரு இருக்குமா?”



சாயந்திரம் கோயில் முன்னால் கூட்டம். தலைவர் பேச, மேலத்தெரு பேச, வடக்குத் தெரு பேச, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. பெண் வைரி மறுபடி உட்கார்ந்துவிட்டதே, இனி என்ன என்றார்கள். கிழக்குக் குழாய் ஏறக் கூடாது என்றேன் நான். கிழக்கு ஏறாவிட்டால் எதுவும் ஏறக் கூடாது என்றது கிழக்குத் தெரு. அக்கா நடுவில் வந்து நின்றார்.

“ஏப்பா, பாட்டு யாருக்கு? சாமிக்குத்தானே? பெறகு குழாய் எதுக்குத் தெருவப் பாக்குது? நாலு குழாயையும் கோயில் வாசல்ல சாமியப் பாத்துக் கட்டு. எவனாச்சும் சாமியவிட ஏந்தெரு பெருசுன்னு சொல்லுறானா, சொல்லச் சொல்லு.”

எவன் சொல்வான்? தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அதுவும் சரிதான்” என்றார். பத்து வருசமாக நாலு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த குழாய்கள் அரை மணி நேரத்தில் நாலும் அம்மனைப் பார்த்துத் திரும்பின. முதுகுதான் தெருக்களைப் பார்த்தது. நாலு தெருவுக்கும் ஒரே அளவு முதுகு. சண்டைக்கு இடமே இல்லை.

பூசாரி மட்டும் முதல் நாளே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நாலு குழாயும் நேரே தன் தலைக்கு என்றார். சத்தத்தைக் கால்வாசியாகக் குறைத்தேன். அதில் ஒன்று நடந்தது. அறிவிப்புக் கேட்க வேண்டும் என்றால் கோயிலுக்கு வர வேண்டியதாயிற்று. எட்டு நாளும் நாலு தெருவும் கோயில் வாசலிலேயே கிடந்தது. வீட்டில் இருந்தபடி திருவிழாக் கேட்டவர்கள் எல்லாம் எதிரெதிரே உட்கார்ந்து கதை பேசினார்கள். அவ்வளவு கலகலப்பான பொங்கலை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. தினமும் ஒரு தரம் தெருக்கோடிக்கு நடந்து போய்ப் பார்ப்பேன். வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வால் இருப்பதால் உள்ளே உயிர் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கூமுட்டையின் மேலும் தாய் உட்கார்ந்திருக்கும். மரத்தில் ஏறிப் பார்க்கட்டுமா என்று மச்சினன் கேட்டான். “ஏறுன, காலை ஒடிச்சுப்புடுவேன்” என்றார் அக்கா. கிளம்புகிற அன்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சித்திரை பிறந்தது. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். அந்த ரோட்டில் போக வேலையும் வந்தது. நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன். நேரமில்லை என்று மச்சினனிடம் சொன்னேன், பயம் என்பது அவனுக்கும் தெரியும். நல்ல கூட்டை என் பெருமைக்காகக் கெடுத்துவிட்டேன் என்று சாப்பிடும்போது நினைவு வரும். என் மனைவி சோற்றில் கை வைத்தபடி இருக்கும் என்னைப் பார்த்து, “முட்டைக் கொழம்பு வேணாமா?” என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

சித்திரை பாதியில் காரியாபட்டியில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் பாட்டுப் போட்டுச் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. புது நம்பர்.

“ஏப்பா ரேடியோக்காரா, நான்தான். ஒரு நிமிசம் சும்மா இரு. கேளு.”

பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். மேடையில் இருந்து மச்சினன், “என்ன மச்சான், மறுபடியுமா?” என்றான். கையைக் காட்டி அவனை அடக்கினேன்.

அக்கா போனை மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். முதலில் காற்று. அப்புறம் ஆடு. அப்புறம் அது வந்தது. என்னிடம் இருந்த பத்துப் பன்னிரண்டு குரலில் எதுவும் இல்லை அது. மெல்லிசு, உடைந்த குரல், ‘பித்’ இல்லை, வெறும் ‘வீ’ மட்டும், இழுக்கத் தெரியாமல் இழுத்தது. ஒன்று நிறுத்துமுன் இன்னொன்று. நடுவில் மூன்றாவதாக ஒன்றா, அல்லது என் ஆசையா, தெரியவில்லை. பதிவு பண்ண வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

“கேட்டுச்சா?” அக்கா மறுபடி போனில். “அழுகுதா, கும்மாளமா? நீதான் பெரிய இவனாச்சே, சொல்லு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னேன். “பசிக்குதுக்கா.”

“பசிக்குதா?” அக்காவின் சத்தம் கூடியது. “பசிக்குதுன்னா பொழைச்சுக்கிருச்சுக!”

அடுத்த நொடி அவர் போட்ட குலவையில் என் காது அடைத்துவிட்டது. “அக்கா, மெதுவா! பெராந்து பறந்துரப் போகுது!” என்று நான் கத்தினேன். மைக் இல்லாமலே அது மண்டபத்து வாசல் வரைக்கும் கேட்டது என்றான் மச்சினன்.